நோட்டில் எழுத்து இல்லை என்றால் பாடம் நடக்கவில்லையா?

"ரெண்டாம் கிளாஸ் போறான். நோட்டைத் திறந்து பார்த்தா ரெண்டு பக்கம்கூட எழுதலை. கேட்டா பாட்டு பாடினோம், பொம்மை வெச்சுக் கதை சொன்னோம்ங்கிறான். இதுக்கா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?"

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிள்ளைகளை அரசு தொடக்கப்பள்ளிக்கு அனுப்பும் நம் குடும்பங்களில் இந்தக் குறையைக் கேட்காதவர்கள் குறைவு. குறை அதோடு நிற்பதும் இல்லை. முதலில் மாலை டியூஷன் வருகிறது. அடுத்த ஜூன் மாதம் டி.சி. வாங்கி நர்சரி பள்ளியில் சேர்க்கிறார்கள். அத்தா மில்லிலோ கடையிலோ வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதி பள்ளிக் கட்டணத்துக்கும் வேனுக்கும் போகிறது. முடியாதபோது அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. இதில் ஒரு விஷயத்தை மட்டும் நாம் யாரும் நின்று கேட்பதில்லை. வகுப்பில் உண்மையில் பாடம் நடக்கவில்லையா, அல்லது நாம் படித்தது போல் நடக்கவில்லையா?

இரண்டும் வேறு வேறு. முதலாவது என்றால் நாம் கேள்வி கேட்க வேண்டும். இரண்டாவது என்றால் நாம் புரிந்துகொள்ள வேண்டும். எது என்று தெரியாமலேயே முடிவெடுப்பதால்தான் பணமும் போகிறது, பிள்ளையின் படிப்பும் பாதியில் தடம் மாறுகிறது.

தொடக்கப்பள்ளியில் இப்போது நடப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதங்கள். அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் பெயர் கொடுத்த பிள்ளை 'அ' எழுதாமலேயே மூன்றாம் வகுப்பை நெருங்கிவிட்டது. அந்த இழப்பை ஈடுசெய்ய முதலில் தன்னார்வலர்களைக் கொண்டு 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. பிறகு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குகளைப் போடவும் வேண்டும், அதை 2025-க்குள் எட்ட வேண்டும் என்பது அதன் இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் போனது.

இந்தத் திட்டத்தில் ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். எழுத்தே தெரியாத பிள்ளை அரும்பு. வகுப்புக்குரிய பாடத்தை எட்டிய பிள்ளை மலர். இடையில் இருப்பது மொட்டு. ஒரே பாடத்தையே மூன்று குழுவுக்கும் மூன்று விதமாக ஆசிரியர் நடத்துகிறார். வகுப்பறையில் கதைக்கு ஒரு இடம், பாட்டுக்கு ஒரு இடம், பொம்மலாட்டத்துக்கு ஒரு இடம் இருக்கும். எழுதுவதற்குத் தனியாகப் பயிற்சி நூல் தருகிறார்கள். நாம் தேடும் எழுத்து பெரும்பாலும் அந்தப் பயிற்சி நூலில் இருக்கிறது. நாமோ நாற்பது பக்க நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கோபப்படுகிறோம்!

இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்த சிறு பள்ளிகளின் முறையைப் பார்த்து, அதைச் சென்னைக்கு ஏற்றாற்போல் கொண்டுவந்தார்கள். பின்னர் அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக வந்தபோது, 2007-ல் அது மாநிலம் முழுவதும் பரவியது. நம் மாவட்டப் பள்ளிகளுக்கும் அப்படித்தான் வந்தது.

அந்த வகுப்பறை நினைவிருக்கிறதா? பெஞ்சு கிடையாது, பாய்தான். ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம். அலமாரியில் படம் போட்ட அட்டைகள். சுவரில் ஒரு ஏணிப்படம். ஒரு பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறது என்று ஏணியைப் பார்த்துத் தானே அட்டையை எடுத்து, அதற்கான குழுவில் போய் உட்காரும். தன் வருகையைத் தானே பதியும். அன்றைய வானிலையையும் அதுவே குறிக்கும். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்து தொடங்கும். பத்து நாள் பாடம் போய்விட்டதே என்ற பயம் கிடையாது. நம்மைப் பொறுத்தவரை அந்த முறையின் ஆகப்பெரிய நன்மை இதுதான். ஊருக்கு, கல்யாணத்துக்கு, பெருநாளுக்கு என்று பிள்ளைகளை அதிகம் லீவு போட வைப்பவர்கள் நாம்தானே!

அன்று அந்தப் பாயில் உட்கார்ந்த பிள்ளைகள் இன்று இருபது வயதைக் கடந்துவிட்டார்கள். சிலர் தாங்களே பெற்றோர் ஆகிவிட்டார்கள். ஆனால் அந்த முறை என்ன, எதற்காக என்று அன்று அவர்களுடைய அத்தா அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது, அதிகாரிகளுக்குப் பயிற்சி நடந்தது. பெற்றோருக்கு வந்து சேர்ந்த ஒரே செய்தி "அரசுப் பள்ளியில் இப்போது எழுத வைப்பதில்லை" என்பதுதான். எவ்வளவு நல்ல முறையாக இருந்தாலும் வீட்டுக்குப் புரியாத முறை வீட்டில் எதிர்ப்பைத்தான் சந்திக்கும் என்பது நம் கருத்து. எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் அதே கதி வரக்கூடாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நர்சரி பள்ளிகளின் போர்டில் 'மாண்டிசோரி முறை' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்போம். மரியா மாண்டிசோரி இத்தாலி நாட்டு மருத்துவர். 1939-ல் சென்னைக்கு வந்தார், போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்தார். பிள்ளை கையால் தொட்டு, தன் வேகத்தில், தானே செய்து கற்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். செயல்வழிக் கற்றலின் வேரில் அவருடைய சிந்தனையும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் இலவசமாகக் கிடைத்தபோது "விளையாட்டு" என்று நாம் ஒதுக்கியதை, அதே ஊரில் வேறு தெருவில் பணம் கட்டித் தேடுகிறோம். அந்தப் போர்டு உள்ள எல்லா இடத்திலும் அந்த முறை இருக்கிறதா என்பது வேறு விஷயம். மூன்று வயதுப் பிள்ளைக்கு நான்கு வரி நோட்டில் வீட்டுப்பாடம் வருகிறது என்றால் போர்டில் என்ன எழுதியிருந்தாலும் அது மாண்டிசோரி அல்ல.

சரி, வகுப்பில் பாடம் நடக்கிறதா இல்லையா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு நாம் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை.

வாசிப்பை எடுத்துக்கொள்வோம். பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து கடகடவென்று ஒரு பாடத்தை ஒப்பிக்கும். விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். அது வாசிப்பு அல்ல, மனப்பாடம். இதை அறிய எளிய வழி, அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்பது. அல்லது பிள்ளை இதுவரை பார்க்காத ஒன்றை, சோப்பு உறையையோ, பஸ்ஸின் ஊர்ப் பலகையையோ, கல்யாணப் பத்திரிகையையோ காட்டுவது. மெதுவாக எழுத்துக் கூட்டியாவது வாசித்துவிட்டால் வகுப்பில் வேலை நடக்கிறது, நோட்டு காலியாக இருந்தாலும் பரவாயில்லை. வாசிக்கத் தெரியாமல் நோட்டு நிறைய எழுதியிருந்தால் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து வரைந்திருக்கிறது. அதுதான் கவலைப்பட வேண்டிய இடம்.

கணக்கும் அப்படியே. ஒன்று முதல் நூறு வரை எழுதிக் காட்டும் பிள்ளையிடம் '34' என்று எழுதி, இதில் உள்ள 3 எவ்வளவு என்று கேளுங்கள். "மூன்று" என்று சொன்னால் எண் தெரியும், மதிப்பு தெரியாது. "முப்பது" என்று சொன்னால் புரிந்திருக்கிறது. புரியாத பிள்ளைக்கு மேலும் பத்துத் தடவை ஒன்று முதல் நூறு வரை எழுதக் கொடுப்பதில் பயனில்லை. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, மூன்று கட்டும் நான்கு உதிரியும் எடுக்கச் சொன்னால் ஒரு மாலையில் விளங்கிவிடும். தீப்பெட்டிக்குப் பெயர் பெற்ற மாவட்டத்தில் இருந்துகொண்டு தீக்குச்சிக்குப் பஞ்சமா? (எரியும் மருந்து உள்ள தலையைக் கிள்ளிவிட்டுக் கொடுக்கவும்.) இதைத்தான் வகுப்பில் மணிகளையும் அட்டைகளையும் வைத்துச் செய்கிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து "குச்சி வெச்சு விளையாடினோம்" என்கிறது. அன்று அது கற்றது இடமதிப்பு.

ஆக, "இன்னைக்கு என்ன எழுதினே?" என்று கேட்பதை நிறுத்தி, "இன்னைக்கு என்ன செஞ்சீங்க? எனக்கும் செஞ்சு காட்டு" என்று கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. பிள்ளை வகுப்பில் செய்ததை வீட்டில் செய்துகாட்டும்போது அது இரண்டாம் முறை கற்கிறது. சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லாமல் அம்மா அதற்கு உதவி செய்துவிடுகிறார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்று ஒதுங்கும் தாய்மார்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை வாசிக்க, நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதே போதும்.

நம் ஊர்களில் இதற்கான பொருள் கொட்டிக் கிடக்கிறது. சத்திரப்பட்டி பக்கம் தறியில் ஓடும் பேண்டேஜ் துணியில் நீளமும் அகலமும் இருக்கிறது. மில்லின் மூன்று ஷிப்டில் கடிகாரம் இருக்கிறது. அத்தா இரவு ஷிப்ட் போய் எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணி நேரம் வேலை என்பது மூன்றாம் வகுப்புக் கணக்குதான். பால்கோவாக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று தராசில் பின்னமே தொங்குகிறது. செண்பகத்தோப்புப் பக்கம் போனால் சாம்பல் நிற அணிலைப் பார்க்கலாம். அதற்காகவே 1988-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. 'நம் சுற்றுப்புறம்' என்று சூழ்நிலையியல் பாடத்தில் வருவதைப் புத்தகத்தில் மட்டும் காட்டி முடிப்பது அநியாயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகம் இன்றும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பிள்ளையை அங்கே கூட்டிப்போய் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க நம்மால் முடியாதா? பள்ளிக்கூடத்திலும் 'வாசிப்பு இயக்கம்' என்று நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் 2023 முதல் தரப்படுகின்றன. உங்கள் பிள்ளை எந்த நிலைப் புத்தகத்தை வாசிக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். "எத்தனாவது ரேங்க்?" என்ற கேள்வியை விட இதற்கு வரும் பதிலில் விஷயம் அதிகம்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு சங்கதியையும் சொல்ல வேண்டும். ஆறு வயதில் அவர்கள் தமிழ், ஆங்கிலம், அரபி என்று மூன்று எழுத்து முறைகளைக் கையாளுகிறார்கள். அதில் ஒன்று வலமிருந்து இடம் போகிறது. இது பிள்ளையைக் குழப்பிவிடும் என்று சிலர் மக்தபை நிறுத்துகிறார்கள், சிலர் பள்ளிப் பாடத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மூன்று எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு அது பலம்தான். பிரச்சினை எழுத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. காலையில் மக்தப், பகல் முழுக்கப் பள்ளிக்கூடம், வந்ததும் டியூஷன், பிறகு வீட்டுப்பாடம் என்று ஏழு வயதுப் பிள்ளையின் நாளை நாம் மில் ஷிப்ட் போல ஆக்கிவிட்டோம். இதில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றால் டியூஷனைக் குறைக்கலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு டியூஷனில் நடப்பது பெரும்பாலும் எழுதியதையே திரும்ப எழுதுவதுதான். அந்த ஒரு மணி நேரத்தை விளையாட்டுக்கும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைக்கும் விட்டுக்கொடுத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

எல்லாக் குறையும் பெற்றோரின் புரியாமைதான் என்று சொல்லி முடித்துவிட நாம் தயாரில்லை. மேலே சொன்னபடி சோதித்துப் பார்த்து, பிள்ளைக்கு நிஜமாகவே வாசிக்க வரவில்லை என்றால், அங்கே கோளாறு இருக்கிறது. பல தொடக்கப்பள்ளிகளில் இரண்டே ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், தொண்ணூறு வரை மூன்று, நூற்றிருபது வரை நான்கு. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும்போது அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து ஒவ்வொரு குழுவோடும் உட்காருவது எளிதல்ல. போதாக்குறைக்கு, பாடம் நடத்தும் நேரத்தைச் செயலியில் விவரம் ஏற்றுவது தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்களே புகார் சொல்லி வருகின்றன. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசி என்ன பயன்? பேசுவதற்கென்று சட்டமே ஓர் இடம் வைத்திருக்கிறது.

அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21. குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை இதன் வேலை. தமிழகத்தில் பல ஆண்டுகள் இது கையெழுத்து வாங்கும் குழுவாகவே இருந்தது. 2022-ல் அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டித் தேர்ந்தெடுத்து, இருபது பேர் கொண்ட குழுவாகத் திருத்தி அமைத்தார்கள். அதில் பதினைந்து பேர் பெற்றோர். தலைமைப் பொறுப்பு ஒரு தாய்க்கு. 2024-ல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இதன் மாதக் கூட்டம் வைக்கப்படுவது வெள்ளிக்கிழமை பிற்பகலில். இதைக் கேட்டதும் "வெள்ளிக்கிழமையா?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் நமக்கு இதைவிட வசதியான நாள் கிடையாது. ஜும்ஆவுக்காக வேலையை விட்டு வந்த அத்தாமார்கள், தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போகலாம். தனியாக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளியில் ஜும்ஆ முடிந்ததும் "இன்று மதியம் பள்ளிக்கூடத்தில் கூட்டம்" என்று ஒரு வரி அறிவிப்புச் செய்ய ஜமாஅத் நிர்வாகிகளுக்குச் செலவு ஒன்றும் இல்லை. தாய்மார்கள் குழுவில் பெயர் கொடுத்துவிட்டு, கணவரையோ மகனையோ அனுப்பும் பழக்கமும் மாற வேண்டும். பிள்ளை வகுப்பில் என்ன செய்கிறது, எதில் தடுமாறுகிறது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு நாம் ஒன்றும் செய்வதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மின்விசிறி வாங்கிக் கொடுக்கிறோம், அதன் இறக்கையில் 'உபயம்' என்று பெயரும் எழுதுகிறோம். இது பழைய வழக்கம். காமராசர் முதல்வராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊர் ஊராக மாநாடு போட்டு, மக்கள் மேசையும் கடிகாரமும் சீருடையும் கொண்டுவந்து குவித்தார்கள். அன்று பள்ளிக்குத் தேவை கட்டடமும் கருவியும். அதைக் கொடுத்ததில் பெருமைப்படலாம். இன்றைய தேவை வேறு. ஒரு மின்விசிறி கொடுப்பவரைவிட, மாதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து "மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்பவர்தான் இன்று பள்ளிக்குக் கூடுதலாகத் தருகிறார். கேட்கும் விதமும் முக்கியம். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போல் கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆசிரியர் பணியிடம் காலி என்றால் அதைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்புங்கள். தலைமையாசிரியர் தனியாக எழுதும் கடிதத்தைவிடப் பதினைந்து பெற்றோர் கையெழுத்துப் போட்ட தீர்மானத்துக்கு எடை அதிகம்.

ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் நம் சொந்தப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் வந்த திருத்தத்தின்படி, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். 2014-ல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மை நிறுவனங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நிர்வாக உரிமையைக் காப்பது என்ற வகையில் அது நமக்குச் சாதகம். ஆனால் அரசுப் பள்ளியில் ஒரு கூலித் தொழிலாளியின் மனைவிக்குச் சட்டப்படி கிடைக்கும் நாற்காலி, நம் சமுதாயப் பள்ளியில் அதே பெண்ணுக்குக் கிடைக்காது என்ற நிலைமை நமக்கு அழகா? சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், தாய்மார்கள் பாதிப்பேர் உள்ள ஒரு பெற்றோர் குழுவை நிர்வாகிகள் தாங்களாகவே அமைக்கலாம். அதற்கு யாரும் தடை போடவில்லை.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் இந்த மாதக் கூட்டம் எந்த வெள்ளி என்று நாளைக்குப் பிள்ளையைக் கொண்டு விடும்போதே தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவில் உறுப்பினராக இருந்தால் பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் பிரதியையும் கேளுங்கள். உறுப்பினர் இல்லை என்றால், உங்கள் தெருவில் யார் உறுப்பினர் என்று விசாரித்து, உங்கள் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.